பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து: எல்லோரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவின் அயோவா சிட்டியில் குடியிருக்கிறேன். குளிர்காலம் தொடங்கிவிட்டால் வாரத்தில் ஒரு மாலையாவது அயோவா பல்கலைக்கழகத்தின் கார்வர்-ஹாக்கை அரங்கில்தான் கழியும். பெண்கள் கூடைப்பந்து பார்க்கப் போகிறேன் என்றதும், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் சித்தி முதல் இங்கே புதிதாகப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் வரை ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

கல்லூரிப் பெண்கள் ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்? நம் ஊரில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடந்தால் வகுப்புத் தோழிகள்கூட வரமாட்டார்களே?

வருபவர்களில் பெரும்பாலானோர் மாணவர்களே அல்ல, ஊர்க்காரர்கள். அயோவாவிலும் சரி, தென் கரோலினாவிலும் சரி, பெரிய தொழில்முறை லீக்கில் ஆடும் அணி ஒன்றுகூடக் கிடையாது. பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. பல் மருத்துவர், பண்ணைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் தாத்தா என்று ஒரு ஊரே படியிறங்கி வரும்.

என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு இந்தப் போட்டிகளை நடத்துகிறது. அதன் முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்குப் பெண்கள் அணி இருக்கிறது. நவம்பரில் சீசன் தொடங்கும், ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதி ஆட்டம். கூட்டம் எவ்வளவு என்று கேட்டால் நான் ஒரே ஒரு நாளைச் சொல்வேன். 2023 அக்டோபர் 15 அன்று எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தின் நடுவே பலகைத்தளம் அமைத்து, திறந்தவெளியில், அயோவாவும் டிபால் பல்கலைக்கழகமும் ஆடின. சீசன் கணக்கில் சேராத பயிற்சி ஆட்டம் அது. வந்தவர்கள் 55,646 பேர். பெண்கள் கூடைப்பந்துக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் எங்கும் கூடியதில்லை.

விதி ஒன்றும் தெரியாது. தெரியாமல் போய் உட்கார்ந்தால் ஏதாவது புரியுமா?

புரியும். அணிக்கு ஐந்து பேர், பத்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். வளையத்திலிருந்து 22 அடிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் ஒரு வளைகோடு இருக்கும். அதற்கு உள்ளிருந்து போட்டால் இரண்டு புள்ளி, வெளியிலிருந்து போட்டால் மூன்று. எதிரணியின் ஃபவுலுக்காகக் கோட்டில் தனியாக நின்று எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. பந்து கைக்கு வந்த 30 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். முதல் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும்.

ஆண்கள் ஆட்டத்திலிருந்து விலகும் சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வளையத்தின் உயரம் இருவருக்கும் ஒரே 10 அடிதான். ஆனால் பெண்களின் பந்து சற்றுச் சிறியது. சுற்றளவு 28.5 அங்குலம், ஆண்களுடையது 29.5. கால்பகுதி முறைக்குப் பெண்கள் 2015-16 சீசனில் மாறினார்கள். ஆண்கள் அப்போது 20 நிமிடப் பாதிகளையே தொடர்ந்தார்கள். கால்பகுதிதோறும் அணியின் ஃபவுல் கணக்கு புதிதாகத் தொடங்குவதால், ஆளாளுக்குக் கோட்டில் நின்று எறிந்துகொண்டிருக்கும் இழுவை குறைந்தது. கடைசி நிமிடத்தில் டைம்அவுட் எடுக்கும் அணி, பந்தை எதிரணிப் பாதிக்கே கொண்டுபோய் அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். நான்கு வினாடி மிச்சமிருந்தாலும் நம்பிக்கை மிச்சமிருக்கும். ஆட்டம் முடியும் முன்பே எழுந்து காரை எடுக்க ஓடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

பெண்கள் ஆட்டம் மெதுவாக இருக்கும், டங்க் கிடையாது. பார்க்க என்னதான் இருக்கிறது?

டங்க் அறவே கிடையாது என்பது சரியல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜியன் வெல்ஸ் 1984 டிசம்பரிலேயே பந்தை வளையத்துக்குள் அறைந்துவிட்டார். டென்னசியின் கேண்டஸ் பார்க்கர் 2006இல் ஒரே ஆட்டத்தில் இருமுறை செய்தார். ஆனால் அதற்காக இந்த ஆட்டத்தைப் பார்க்காதீர்கள். அது அபூர்வம்.

எதிரியின் தலைக்கு மேலே குதித்துப் போட முடியாதபோது, எதிரியை இடம்பெயர வைத்தாக வேண்டும். இந்த ஆட்டத்தின் ருசி அங்கேதான் இருக்கிறது. வலது மூலையில் நிற்கும் பெண், பந்து வாங்க வருவதுபோல் இரண்டு எட்டு முன்னே வருகிறாள். அவளைக் காக்கும் பெண் பந்தைத் தட்டிவிடும் ஆசையில் ஒரு கையை நீட்டி முன்னே சாய்கிறாள். வேண்டியது அந்தச் சாய்வுதான். முன்னே வந்தவள் ஒரு காலை ஊன்றித் திரும்பி, காவல்காரியின் முதுகுக்குப் பின்னால் வளையத்தை நோக்கி ஓடுகிறாள். பந்து தரையில் ஒருமுறை பட்டு அவள் கைக்கு வந்து சேரும்போது சுற்றிலும் யாரும் இல்லை. பலகையில் தட்டி வலைக்குள் விழுகிறது. மொத்தமே இரண்டு வினாடி.

கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. பாடிப் போகிறவர் ஒரு காலை வேண்டுமென்றே நீட்டிக் காட்டி, பிடிக்க வருபவரை ஆசைகாட்டி இழுப்பாரே, அதே வித்தை. மெதுவான ஆட்டம் என்று சொல்பவர்கள் பந்தின் உயரத்தைப் பார்க்கிறார்கள். பந்து எத்தனை கை மாறுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பந்து எங்கே போகிறதோ அங்கே பார்த்தால் போதாதா?

போதும், ஆனால் பாதிதான் கிடைக்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கூடைப்பந்தே தெரியாத என் அம்மா. கரூரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். பனி கொட்டிய ஒரு மாலை அவரை அரங்குக்கு அழைத்துப்போனேன். இரண்டாம் கால்பகுதியில் என் முழங்கையைத் தொட்டு, “அந்தப் பெண்ணுக்குப் பந்தே வரவில்லையே, அவள் ஏன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறாள்?” என்று கேட்டார்.

அவள் ஓடியதால்தான் இன்னொருத்திக்கு இடம் கிடைத்தது. ஒருத்தி ஓடிப்போய் எதிரணிப் பெண்ணின் பாதையில் தூண்போல அசையாமல் நிற்பாள். அதை ஸ்கிரீன் என்பார்கள். அந்தத் தூணில் காவல்காரி தடுக்கி நிற்கும் அரை வினாடியில் தோழி விலகிப்போய்ப் பந்தை வாங்கி எறிந்துவிடுவாள். புள்ளிப்பட்டியலில் தூணாக நின்றவள் பெயர் வராது. அதன்பின் அம்மா பந்தை விட்டுவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் ஒரு கால்பகுதி முழுக்கப் பந்தில்லாத ஒருத்தியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

டிவியில் பார்த்தால் போதாதா? அரங்குக்கே போக வேண்டுமா?

ஒருமுறையாவது போக வேண்டும். கார்வர்-ஹாக்கை அரங்கம் மலைச்சரிவுக்குள் தோண்டிக் கட்டியது. தெருமட்டத்தில் கதவைத் திறந்து உள்ளே போனால் இருக்கைகள் பெரிய கிணற்றின் படிகள்போல் கீழே இறங்கும். அடியில் வெளிச்சத்தில் ஆடுகளம். ஏறத்தாழ 15,000 பேர் உட்காரலாம். ஆரவாரம் மேலே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிவரும். காலணி தரையில் உரசும் கீச்சொலியும், காவல் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் கூவி எச்சரிப்பதும் கீழ் வரிசைகளில் தெளிவாகக் கேட்கும். தொலைக்காட்சியில் அந்தப் பேச்சு கிடைக்காது.

சென்னையிலிருந்து பார்த்தால் எத்தனை மணிக்கு?

அயோவாவில் குளிர்காலத்தில் மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் இந்தியாவில் மறுநாள் காலை 6.30. காபியோடு பார்க்க வசதியான நேரம். ஞாயிறு பிற்பகல் இறுதி ஆட்டங்கள்தான் சிரமம். 2024 இறுதி ஆட்டம் இந்திய நேரப்படி திங்கள் அதிகாலை 12.30க்குத் தொடங்கியது. என் சித்தி விழித்திருந்து பார்த்தார்.

ஆண்கள் அணியோடு மோதினால் தோற்றுவிடுவார்கள்தானே? அப்புறம் எதற்கு இதைப் பார்க்க வேண்டும்?

தோற்பார்கள். உயரமும் தசை வலுவும் வேறு. அது அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. பல பெண்கள் அணிகள் பயிற்சிக்கென்றே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆண்களைச் சேர்த்துக்கொள்கின்றன. தங்களைவிட உயரமானவர்களையும் வேகமானவர்களையும் எதிர்த்து வாரக்கணக்கில் பழகிவிட்டுத்தான் ஆட்ட நாளில் களத்தில் இறங்குகிறார்கள்.

குத்துச்சண்டையில் எடை குறைந்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கனத்த பிரிவுக்காரரிடம் தோற்பார் என்பதற்காக அந்த ஆட்டத்தை யாரும் பார்க்காமல் இருப்பதில்லை. மோதும் இருவரும் சமமாக இருந்தால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். மூன்றாவதாக ஒருவர் இவர்களைவிடப் பலசாலி என்பது அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வராது. உயரம் குறைந்த ஆட்டத்தில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்பதை டங்க் பற்றிய கேள்வியில் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எல்லாப் பெண்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்போல் பெயர் சொல்லிப் பேசுகிறீர்கள். எப்படி இவ்வளவு பழக்கம்?

என்னை இந்த ஆட்டத்தோடு கட்டிப்போட்டது இதுதான். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் திறமையானவர்கள் ஒரே ஆண்டில் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்குக்குப் போய்விடலாம், பலர் போய்விடுகிறார்கள். பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யு.என்.பி.ஏ.வில் விதி வேறு. அமெரிக்கக் கல்லூரியில் ஆடும் பெண்ணுக்கு லீக்கில் சேரும் ஆண்டில் 22 வயது நிறைய வேண்டும், அல்லது படிப்பு முடிந்திருக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் ஒரே ஊரில் இருப்பார்கள். பதினெட்டு வயதில் கைநடுங்கப் பந்தை நழுவவிட்ட பெண், இருபத்திரண்டில் கடைசி நிமிடத்தில் நிதானமாக அணியை நடத்துவதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

கேட் மார்ட்டினைச் சொல்கிறேன். இல்லினாயிலிருந்து அயோவாவுக்கு வந்தார். முதல் சீசனிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பி வந்து ஆடினார், அணித்தலைவி ஆனார். கோவிட் காலத்துக்காகக் கிடைத்த கூடுதல் ஆண்டையும் சேர்த்து ஆறு ஆண்டுகள் இங்கேயே இருந்தார். தூணாக நிற்பாள் என்று மேலே சொன்னேனே, அந்த வேலையை முகம் கோணாமல் செய்தவர். 2024 ஏப்ரலில் புரூக்ளினில், டபிள்யு.என்.பி.ஏ. அணிகள் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு நடந்தபோது, அயோவா அணியின் நட்சத்திரமான தோழி கெய்ட்லின் கிளார்க்குக்காகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டாவது பெயராக அவர் பெயரையே வாசித்தார்கள். அவர் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குப் போனபோது எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் அழுதார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீடும் அதில் ஒன்று.

இப்போது வீராங்கனைகள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிதாகிவிட்டது. ஹெய்லி வான் லித் லூயிவில், லூயிசியானா ஸ்டேட், டெக்சஸ் கிறிஸ்டியன் என மூன்று அணிகளில் ஆடினார். மாறும் உரிமை அவர்களுக்கு வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் பார்வையாளருக்கு அதில் ஒரு இழப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

கெய்ட்லின் கிளார்க் ஒருவரால் வந்த மோகம்தானே இது? அவர்தான் கல்லூரியை விட்டு டபிள்யு.என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டாரே, இனி யார் பார்ப்பார்கள்?

அவரால் வந்தது மிகப் பெரியது, சந்தேகமில்லை. அயோவாவின் தலைநகரான டி மோய்ன் பக்கம் வளர்ந்த பெண். நடுக்கோட்டில் வரைந்திருக்கும் சின்னத்தின் விளிம்பிலிருந்து எறிந்து, பந்து வலையில் விழும் முன்பே திரும்பிப் பின்னோக்கி ஓடத் தொடங்குவார். 2024 இறுதி ஆட்டத்தில் தென் கரோலினா 87-75 என்று அயோவாவை வென்றதை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். பெண்கள் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டியது அதுவே முதல் முறை. பெண்கள் ஆட்டம் எல்லா வீட்டுக்கும் வரும் ஏ.பி.சி. அலைவரிசையிலும், ஆண்கள் ஆட்டம் கேபிள் அலைவரிசைகளிலும் வந்தன என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் அது பெரிய செய்திதான்.

ஆனால் அடுப்பு அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. 1983 இறுதி ஆட்டத்தில், செரில் மில்லர் என்ற நட்சத்திர வீராங்கனை ஆடிய தென் கலிபோர்னியா அணி லூயிசியானா டெக்கை 69-67 என வென்றதை 1 கோடியே 18 லட்சம் பேர் பார்த்தார்கள். தென் கரோலினாவில் 18,000 பேர் அமரும் அரங்கைப் பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் அணி நிரப்பத் தொடங்கியபோது கிளார்க் பள்ளிச் சிறுமி. அவர் போன பிறகு, 2025இல் கனெக்டிகட் 82-59 என்று தென் கரோலினாவைத் தோற்கடித்த இறுதி ஆட்டத்தை ஏறத்தாழ 85 லட்சம் பேர் பார்த்தார்கள். முந்தைய ஆண்டைவிடக் குறைவு. ஆனாலும் 2023க்கு முன்பு பல ஆண்டுகளாக எட்டாத எண்ணிக்கை அது.

அயோவா விவசாய மாநிலம். அங்கே போய் எப்படிப் பெண்கள் கூடைப்பந்து வேரூன்றியது?

விவசாய மாநிலம் என்பதால்தான் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். 1892-93இல் மாசசூசெட்சின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்குக் கூடைப்பந்தை அறிமுகப்படுத்தியபோது, அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்ற அன்றைய எண்ணத்துக்கு ஏற்பக் களத்தைப் பகுதிகளாகப் பிரித்தார். அந்த வழியில் வந்த ஆறு பேர் ஆட்டம் அயோவா உயர்நிலைப் பள்ளிகளில் 1993 வரை உயிரோடு இருந்தது. மூன்று பேர் ஒரு பாதியில் நின்று எறிவார்கள், மூன்று பேர் மறுபாதியில் நின்று காப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது.

சின்னஞ்சிறு ஊர்களின் பெண்கள் அணிகள் மாநிலப் போட்டிக்காக டி மோய்னுக்கு வரும்போது ஊரே கிளம்பிவிடுமாம். 1968 போட்டியில் புகழ்பெற்ற டெனிஸ் லாங்கை அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி தன் தேர்வுப் பட்டியலில் சேர்த்தது. இன்று அயோவா அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் ஜேன் ஜென்சனும் ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்தவர். பள்ளியின் கடைசி ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளி எடுத்தவர்.

என் பக்கத்து இருக்கைக்காரர் எழுபது தாண்டிய அம்மையார். அவரும் ஆறு பேர் ஆட்டத்தில் காவல் நின்றவர். நான்கு ஆண்டுகள் ஆடியும் ஒருமுறைகூட வளையத்தை நோக்கி எறிந்ததில்லை என்றார். எறியும் பாதிக்கு அவர் போகவே கூடாதே! எதிரணி பந்தை இழக்கும்போது அரங்கில் முதலில் எழுந்து கத்துவது அவர்தான்.

எந்த அணியைப் பிடித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கலாம்?

ஒருங்கிணைந்த ஓட்டமும் பாஸும் பிடித்தால் கனெக்டிகட். விட்டுக்கொடுக்காத காவலும், வலையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டும் பிடித்தால் தென் கரோலினா. பழைய பெருமை பிடித்தால் டென்னசி. நீங்கள் அமெரிக்காவில் இருந்தால் இதெல்லாம் வேண்டாம், பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். சிறிய அணியென்றால் டிக்கெட் விலையும் குறைவு, முன்வரிசையும் கிடைக்கும்.

மார்ச் மேட்னஸ் என்கிறார்களே, அது என்ன?

சீசன் முடிவில் 68 அணிகள் மோதும் நாக்அவுட் போட்டி. ஒரு தோல்வி, கதை முடிந்தது. நான்கு பிரிவுகளாகப் பிரித்துப் பிரிவுக்கு 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள். முன்னணி 16 அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் அரங்கிலேயே நடத்தும். பெண்கள் போட்டிக்கு மட்டும் உள்ள ஏற்பாடு இது. ஓரவஞ்சனை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நிரம்பிய அரங்கில் ஆடக் கிடைப்பது மேல் என்பது என் கட்சி.

என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் பெண்கள் போட்டி 1982இல்தான் நடந்தது. லூயிசியானா டெக் வென்றது. அதற்கு முன் பத்து ஆண்டுகள் பெண்களுக்கென்று ஏ.ஐ.ஏ.டபிள்யு. என்ற தனி அமைப்பு இருந்தது. இதை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்விக்கு உதவும்.

எப்போதும் கனெக்டிகட் போன்ற அணிகள்தானே ஜெயிக்கின்றன? முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன சுவாரசியம்?

ஒரு காலத்தில் இந்தக் குறை நியாயமானது. ஜீனோ ஆரியெம்மா 1985இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கனெக்டிகட் இதுவரை 12 முறை பட்டம் வென்றிருக்கிறது, 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு. ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 111 ஆட்டங்கள் வென்றார்கள்.

112ஆவது ஆட்டம் 2017 மார்ச் 31, டல்லாஸில் அரையிறுதி. எதிரணி மிசிசிப்பி ஸ்டேட், அதற்கு முந்தைய ஆண்டு இதே கனெக்டிகட்டிடம் 60 புள்ளி வித்தியாசத்தில் நசுங்கிய அணி. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 5 அடி 5 அங்குலம் உயரமுள்ள மார்கன் வில்லியம் வலப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போய், சட்டென்று நின்று, எம்பி எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்து மணி ஒலித்தது. 66-64. அடுத்த ஆண்டு நோட்டர் டேமின் அரிக்கே ஒகுன்போவாலே, அரையிறுதியில் கனெக்டிகட்டையும், இரண்டு நாள் கழித்து இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட்டையும் கடைசி நொடி எறிகளால் வீழ்த்தினார். வலிமையான அணி ஒன்று நெடுங்காலம் நின்றதால்தான் அது விழுந்த நாள் இவ்வளவு பேருக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்று. முதல் தர அணியை 16ஆம் தர அணி வெல்வது ஆண்கள் போட்டியில் 2018இல்தான் முதன்முதலாக நடந்தது. பெண்கள் போட்டியில் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71-67 என 1998இல் வென்றுவிட்டது.

பேட் சம்மிட் என்று எல்லோரும் மரியாதையோடு சொல்கிறார்களே, யார் அவர்?

டென்னசி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 1974இல் பொறுப்பேற்றபோது வயது 22. அணியின் சீருடைகளைத் தானே துவைத்தார், வேனைத் தானே ஓட்டினார். 38 சீசன்களில் 1,098 வெற்றிகள், 8 பட்டங்கள். தவறு செய்துவிட்டு வரும் பெண்ணை அவர் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. பழைய ஒளிப்பதிவுகளில் பாருங்கள், திட்டு வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். 2011இல் மறதிநோய் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் மறைக்காமல் அறிவித்துவிட்டு ஒரு சீசன் நடத்தினார். 2016இல் மறைந்தார்.

இவ்வளவு ரசிகர்கள் இருந்தால் பணமும் வசதியும் தானாக வந்திருக்குமே?

வரவில்லை, வரவிடவும் இல்லை. 2021இல் கோவிட் காரணமாக மொத்தப் பெண்கள் போட்டியையும் சான் ஆன்டோனியோ வட்டாரத்தில் நடத்தினார்கள். ஆண்கள் போட்டி நடந்த இண்டியானாபோலிஸில் மண்டபம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஓரமாக ஒரே ஓர் எடை அடுக்கு. ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து, சுற்றிலும் வெறுமையாகக் கிடந்த இடத்தையும் காட்டினார். இடமில்லை என்ற சமாதானம் அதோடு செத்தது. மார்ச் மேட்னஸ் என்ற பெயரைக்கூட அதுவரை ஆண்கள் போட்டிக்கு மட்டுமே வைத்திருந்தார்கள். 2022 முதல்தான் பெண்களுக்கும் அந்தப் பெயர்.

அப்போது நடந்த விசாரணை அறிக்கை, பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்றால் 2025 முதல் ஆண்டுக்கு 8 கோடியே 10 லட்சம் டாலர் முதல் 11 கோடியே 20 லட்சம் டாலர் வரை கிடைக்கும் என்றது. தனியாக விற்கவில்லை. 2024இல் நாற்பது போட்டிகளோடு சேர்த்து விற்றதில் பெண்கள் போட்டியின் பங்காக ஆண்டுக்கு ஆறரைக் கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். போட்டியில் முன்னேறும் பெண்கள் அணிகளுக்குப் பணப்பங்கு 2025இல்தான் தொடங்கியது. கூட்டம் இல்லாததால் காசு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடையைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று சொல்வது அது.

2023 இறுதி ஆட்டத்தில் லூயிசியானா ஸ்டேட்டின் ஏஞ்சல் ரீஸ் கிளார்க்கின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டினாரே, பெண்கள் ஆட்டத்தில் இதெல்லாம் அழகா?

அந்த ஆட்டத்தில் லூயிசியானா ஸ்டேட் எங்களை 102-85 என வென்றது. ரீஸ் செய்தது, கையை முகத்தின் முன் அசைத்து ‘உன்னால் என்னைப் பார்க்கவே முடியாது’ என்று சொல்லும் சைகை. அதே சைகையைச் சில நாட்களுக்கு முன் வேறோர் ஆட்டத்தில் கிளார்க்கும் செய்திருந்தார். அவரைத் துணிச்சல்காரி என்றார்கள், ரீஸை மரியாதை தெரியாதவர் என்றார்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர். இரண்டு அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரீஸைக் குறை சொல்லக் கூடாது என்று கிளார்க்கே வெளிப்படையாகச் சொன்னார்.

நான் தோற்ற அணியின் ரசிகை, அன்று எனக்கும் வலித்தது. ஆனாலும் ஜெயிக்கும் வெறியோடு ஆடும் பெண், ஜெயித்த பிறகு மட்டும் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. அடுத்த ஆண்டு இதே இரு அணிகளும் காலிறுதியில் மோதியபோது கிளார்க் 41 புள்ளி எடுத்தார், நாங்கள் 94-87 என வென்றோம். 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பகைதான் அவர்களை அழைத்துவந்தது.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா?

2021 ஜூலைக்கு முன் விளம்பரத்தில் நடித்துக்கூடச் சம்பாதிக்கக் கூடாது. இப்போது தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். சரியான மாற்றம் என்றே கருதுகிறேன்.

கிளார்க்கின் புள்ளிச் சாதனை உண்மையில் சாதனையா? பழையவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்கிறார்களே?

நல்ல கேள்வி, பதில் சிக்கலானது. கிளார்க்கின் மொத்தம் 139 ஆட்டங்களில் 3,951 புள்ளி. 2024 பிப்ரவரியில், அதுவரை முதலிடத்தில் இருந்த கெல்சி பிளமின் 3,527ஐத் தாண்டியபோது அதையே பெண்கள் சாதனை என்று அறிவித்தார்கள். ஆனால் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுடார்ட் 1977 முதல் 1981 வரை 3,649 புள்ளி எடுத்திருந்தார். அது ஏ.ஐ.ஏ.டபிள்யு. காலம் என்பதால் என்.சி.ஏ.ஏ.வின் சாதனைப் புத்தகத்தில் அப்போது அவர் பெயர் இல்லை. அவர் காலத்தில் மூன்று புள்ளிக் கோடும் இல்லை, சிறிய பந்தும் இல்லை. சிறிய கல்லூரிப் பிரிவில் ஆடிய பேர்ல் மூரின் 4,061 இன்றும் தாண்டப்படாமல் நிற்கிறது.

முதல் பிரிவு ஆண்களில் முதலிடத்தில் இருந்த பீட் மாராவிச்சின் 3,667ம் மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தது, அதுவும் 83 ஆட்டங்களில் எடுத்தது. ஆகவே யார் பெரியவர் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வுடார்டின் பெயரை அப்போது புத்தகத்தில் சேர்க்காமல் வைத்திருந்தது அநியாயம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மாராவிச்சின் எண்ணைக் கிளார்க் தாண்டியது 2024 மார்ச் 3, எங்கள் அரங்கில், ஒஹையோ ஸ்டேட் அணிக்கு எதிராக. முதல் பாதி முடியும் தறுவாயில் ஒரு ஃப்ரீ த்ரோவில். அன்று வுடார்டும் அரங்குக்கு வந்திருந்தார். எல்லோரும் கிளார்க்குக்காக எழுந்து கத்திக்கொண்டிருந்தபோது, என் பக்கத்து இருக்கை அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வுடார்ட் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தார்.